படம் போட்டால் பிழைக்க முடியுமா?

"படம் போட்டுப் பிழைக்கப் போறாளாக்கும்!"

மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து என் கொழுந்தனார் சொன்ன வார்த்தை இது. 2019-ஆம் வருஷம். என் மகள் பிளஸ் டூ முடித்து அறுநூற்றுக்கு 487 வாங்கியிருந்தாள். கணக்கு குரூப். இன்ஜினீயரிங்தான் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டி வைத்திருக்க, இவள் மெதுவாக, "நான் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கப் போறேன். விளம்பரக் கம்பெனியிலே வேலைக்குப் போவேன்" என்றாள்.

"மதினி, நான் சொல்றதைக் கேளுங்க. பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பொண்ணு என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டா, படம் போடுதுன்னா சொல்வீங்க?" என்றார் கொழுந்தனார்.

என் கணவர் வாயைத் திறக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். எதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மாமியார் மட்டும் உள்ளேயிருந்து, "விளம்பரம்னா பொய் சொல்றதுதானே? அதுக்கு ஒரு படிப்பா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால், இதே வார்த்தையை நான் என் பதினைந்தாவது வயசில் என் பெரியப்பா வாயால் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மௌனத்தின் விலை என்னவென்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்கிறது.

தகரப் பெட்டி

நான் பிறந்து வளர்ந்தது சிவகாசி. அப்பா ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். சிவகாசி என்றதும் எல்லாருக்கும் பட்டாசுதான் ஞாபகம் வரும். ஆனால் எங்கள் ஊர் முதலில் பிழைத்தது தீப்பெட்டியால். 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து ஊரில் ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி என்றால் மேலே லேபிள் ஒட்ட வேண்டாமா? லேபிளுக்காக அச்சு மிஷின்கள் வந்தன. மிஷின் வந்த பிறகு காலண்டர், டயரி, வாழ்த்து அட்டை என்று தொழில் பெருகியது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டைய ராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக ஊர் ஊராகப் போய்ப் பூஜை அறைகளில் ஏறின.

என் அப்பா தீப்பெட்டி லேபிள்களைச் சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கிளி, மான், தாமரை, விளக்கு, ரயில் என்று எத்தனையோ படங்கள். "பாப்பா, இதிலே இருக்கிற எழுத்தைப் பாக்காதே. படத்தைப் பாரு. உங்க பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அவ கடைக்குப் போய் எப்படிக் கேப்பா? 'கிளி போட்ட பெட்டி குடு'ன்னுதானே? அந்தக் கிளி கொஞ்சம் கோணலா இருந்தா, 'இது அது இல்லே'ன்னு திருப்பிக் குடுத்துருவா" என்பார்.

இப்போது 'பிராண்ட்', 'மார்க்கெட்டிங்' என்று சொல்கிறார்களே, அதன் முதல் பாடத்தை அப்பா எனக்கு அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அது பாடம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அச்சகத்தில் மிஞ்சும் காகிதத்தின் பின்பக்கத்தில் நான் வரைந்துகொண்டே இருப்பேன். ஒரு தடவை நான் போட்ட குத்துவிளக்கு பார்டரை அப்பா கொண்டு போய்க் காட்ட, அதைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டார்கள். அந்த டிசைன் பல முகூர்த்தங்களுக்கு ஓடியது. எனக்கு ஒரு பென்சில் டப்பா கிடைத்தது! வானத்தில் பறந்தேன். பத்தாவது முடிந்ததும், "ஓவியக் கல்லூரியில் சேரட்டுமா?" என்று கேட்டபோதுதான் பெரியப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு சமையல், தையல், இருபது வயசில் கல்யாணம்.

விளம்பரக் கம்பெனி ஒரு கல்யாண வீடு

அந்தத் தடவை நான் பேசாமல் இருக்கவில்லை. "ஒரு மாசம் டைம் கொடுங்க. விசாரிச்சுட்டு முடிவு பண்ணுவோம்" என்று கணவரிடம் கேட்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருந்தான்; லீவுக்கு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, இட்லி போட்டு, ஒன்றொன்றாய்க் கேட்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

விளம்பரக் கம்பெனி என்பது ஒரு கல்யாண வீடு மாதிரி. சம்பந்தி வீட்டாரிடம் போய், அவர்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு செலவழிப்பார்கள் என்று பக்குவமாகப் பேசி வருகிறவர் ஒருவர். அவர்தான் 'கிளையண்ட் சர்வீஸிங்'. பேசத் தெரிந்த, பொறுமை உள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. வாசகம் எழுதுகிறவர் 'காப்பிரைட்டர்'. படமும் நிறமும் எழுத்தின் அமைப்பும் பார்த்துக்கொள்கிறவர் 'ஆர்ட் டைரக்டர்'. இவர்கள் இரண்டு பேரும் ஜோடியாக உட்கார்ந்துதான் யோசனை பண்ணுவார்களாம். பத்திரிகை அடித்தாயிற்று, யார் யாருக்குக் கொடுப்பது? டி.வி.யிலா, பேப்பரிலா, செல்போனிலா, எந்த நேரத்தில், எத்தனை தடவை என்று கணக்குப் போடுகிறவர் 'மீடியா பிளானர்'. கணக்கில் கெட்டியான பெண்கள் இதற்கு நன்றாக ஒத்துவருவார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால், வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய், "என்னம்மா, இதை ஏன் வாங்கறீங்க? அதை ஏன் விட்டீங்க?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அது மார்க்கெட் ரிசர்ச்.

படம் போடத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே வேலை உண்டு என்பதே எனக்குப் புதிய செய்தி.

படிப்புக்கும் பல வழி இருக்கிறது. விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப் படிப்பு பல கலைக் கல்லூரிகளில் உண்டு. சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியானதால் செலவு குறைவு. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு உண்டு. வரைவதோடு யோசிக்கும் திறமையையும் பார்க்கிறார்கள். பட்டம் முடித்தபின் விளம்பரம், மார்க்கெட்டிங் மட்டும் படிக்க அதே அகமதாபாத்தில் 1991-இல் தொடங்கிய 'மைக்கா' இருக்கிறது. அதற்குக் கட்டணம் நிறைய. நாங்கள் எட்டுகிற கிளையைப் பார்த்தோம். மதுரையிலேயே ஒரு கலைக் கல்லூரி. என் கணவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜினீயரிங் ஃபீஸை விடக் குறைவுதான். சேரட்டும்" என்றார்.

சமையற்கட்டு வரை வந்த கல்லூரி

2020-இல் கொரோனா வந்து கல்லூரி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மகள் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். இரண்டு மாசத்தில், "அம்மா, சார் நேத்து என்ன சொன்னாரு?" என்று அவள் என்னைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது!

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. பெரிய பெரிய விளம்பர யோசனைகளுக்குப் பின்னால் ஒரு குடும்பப் பெண்தான் நிற்கிறாள்.

ஷாம்பூ பாட்டிலாக விற்ற காலத்தில் அது பணக்கார வீட்டுச் சாமான். கடலூர் சின்னிகிருஷ்ணன் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று கண்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். ஊர் நடுவில் ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்று விற்றார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்றார்கள். ஒரு தாயின் முந்தானை முடிச்சில் எவ்வளவு சில்லறை இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும்.

தூர்தர்ஷனில் 1980-களில் வந்த சர்ஃப் விளம்பரத்து லலிதாஜியை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். விலை குறைந்த நிர்மா பவுடர் விற்பனையில் முந்திக்கொண்டு போன நேரம் அது. 'மலிவு வேறு, நல்ல சரக்கு வேறு' என்று காய்கறிக் கடையில் நின்று பட்டுப் பட்டென்று பேசும் அந்தப் பெண்ணாக நடித்தவர் கவிதா சௌத்ரி. உருவாக்கியவர் லின்டாஸ் கம்பெனியின் அலெக் பதம்ஸீ. வசதி இருந்தும் காய்கறிக்குப் பேரம் பேசிய தம் தாயாரை மனசில் வைத்தே அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1966-இல் பிறந்த அமுல் பாப்பாவின் 'அட்டர்லி பட்டர்லி' வாசகத்தில், சில்வெஸ்டர் டகுன்ஹாவோடு அவர் மனைவி நிஷாவுக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் கேட்ட என் மாமியார், "அப்போ பொய் இல்லையா?" என்றார். பொய்யும் உண்டுதான் அத்தை. அதற்கும் கடிவாளம் இருக்கிறது. 1985-இலேயே விளம்பரக்காரர்கள் தங்களுக்குள் ஒரு கண்காணிப்புச் சபை வைத்துக்கொண்டார்கள். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளை ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; நடித்த பிரபலமும் தப்ப முடியாது. செல்போனில் பொருளைப் புகழ்கிறவர்கள், காசு வாங்கியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் அந்தச் சபை 2021-இல் விதி கொண்டுவந்தது.

பதினோரு தடவை மாற்றிய பெட்டி

இப்போது, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

2021 தீபாவளிக்கு முன்னால், எங்கள் பக்கத்து இனிப்புக் கடை ஒன்றிலிருந்து மகளுக்கு ஒரு வேலை வந்தது. தீபாவளி ஸ்வீட் பெட்டிக்கு டிசைன். "முதல்லே போட்டுக் குடும்மா. பிடிச்சிருந்தாப் பாத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். விலை பேசவில்லை. கேட்க மகளுக்குக் கூச்சம். எனக்கும் கூச்சம். தெரிந்தவராயிற்றே!

ஒன்பது நாள் உட்கார்ந்தாள். பெட்டியைச் சுற்றி, நான் மார்கழியில் போடும் ஒரு சிக்குக் கோலத்தைக் கேட்டு வாங்கி பார்டராக வைத்தாள். நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிசாக்கு, பழையபடியே வை என்று பதினோரு தடவை மாற்றச் சொன்னார்கள். பிறகு போன் எடுப்பது நின்றுபோனது. "பிடிக்கலை போல" என்று விட்டுவிட்டாள்.

தீபாவளியன்று ஒரு சொந்தக்காரர் இனிப்போடு வந்தார். பெட்டியைக் கையில் வாங்கியதும் என் விரல் நின்றுவிட்டது. என் கோலம்!

மகள் பார்த்தாள். அழவில்லை. உள்ளே இருந்த இனிப்பைத் தட்டில் கொட்டினாள். பெட்டியைத் தட்டையாக மடித்து எடுத்துக்கொண்டாள். என் கணவர் மறுநாள் கடைக்குப் போனார். "பிள்ளை விளையாட்டாப் போட்டதுக்குக் காசா அண்ணாச்சி?" என்று கேட்டு, அரைக் கிலோ மிக்சரைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர். அந்த மிக்சரை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில், "நீ முதல்லேயே ரேட் பேசியிருக்கணும்" என்று மகளைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீ என்னைக்காவது பேசியிருக்கியா அம்மா?" என்றாள்.

சகோதரிகளே, அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. வாஸ்தவம்தானே? எதிர்வீட்டு அக்கா ஆரி வொர்க் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர். ஒரு பிளவுஸுக்கு மூவாயிரம் கூட வாங்குவார். அதற்கு மயில், மாங்காய், கொடி என்று டிசைன் வரைந்து கொடுப்பது நான். பத்து வருஷமாக! ஒரு பைசா கேட்டதில்லை. "உன் கையிலே சரஸ்வதி இருக்கா" என்று அவர் சொல்வதைக் கேட்டே பூரித்துப்போவேன். கை வேலைக்கு விலை சொல்வது அசிங்கம் என்று என் மகள் யாரிடம் கற்றாள்? என்னிடம்தான்.

'நமக்குள்ளே காசா?'

அடுத்த முறை அக்கா டிரேஸிங் பேப்பரோடு வந்தபோது, தொண்டை வறண்டாலும் சொல்லிவிட்டேன்: "அக்கா, இனிமே ஒரு டிசைனுக்கு 200 ரூபாய் குடுங்க."

அவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு முகம் மாறியது. "நமக்குள்ளே காசா?" என்றார். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போனவர் இன்று வரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருவிலிருந்து வேறு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். ஐந்து டிசைனுக்கு ஆயிரம் ரூபாயை மேஜையில் வைத்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகி, என் படத்துக்கு வந்த முதல் காசு!

என் கணவர் ஒரு பழைய பேரேட்டை எடுத்தார். மகளை உட்கார வைத்து, அந்தப் பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நாள்வாரியாகக் கேட்டு எழுதினார். 46 மணி நேரம்! "இதுக்கு மணிக்கு இவ்வளவுன்னு ஒரு கூலி வை. கரண்ட், இன்டர்நெட், பிரிண்ட் எடுத்த செலவைக் கூட்டு. இதுக்குக் கீழே போனா உனக்கு நஷ்டம்" என்றார். பிறகு அவர்கள் இருவரும் எழுதி வைத்த விதிகளை அப்படியே தருகிறேன். கேக், பூ அலங்காரம், மெஹந்தி, தையல் என்று வீட்டிலிருந்தே எதைச் செய்கிறவர்களுக்கும் பொருந்தும்.

1. என்ன வேலை, எத்தனை நாளில், எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். வாட்ஸ்அப் ஆனாலும் சரி, எழுத்து எழுத்துதான்.

2. பாதிப் பணம் முன்பணம். தெரிந்தவர்களுக்கும் அப்படியே. தெரிந்தவர் என்றால் விலையைக் குறைக்கலாம்; பேசாமல் விடக்கூடாது.

3. இரண்டு தடவை வரை மாற்றித் தரலாம். மூன்றாவது தடவையிலிருந்து தனிக் கூலி.

4. முழுப் பணமும் வரும் வரை மாதிரிப் படம்தான். அச்சுக்குப் போகும் அசல் கோப்பு பிறகுதான்.

5. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும்போது செய்த வேலை பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். தனியாகச் செய்யும் படைப்பின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே உரிமையும் விலையில் ஒரு பகுதி.

6. பான் கார்டு, பாங்குக் கணக்கு, பில் புத்தகம் மூன்றும் பிள்ளையின் பேரிலேயே இருக்கட்டும். வரி பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்க அது உதவும்.

மார்க் ஷீட்டைப் பிரிக்கவே இல்லை

2022-இல் படிப்பு முடிந்தது. சென்னையில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. நானும் கூடப் போய், வாசலில் நாற்காலியில் காத்திருந்தேன். சர்ட்டிபிகேட்டுகளையெல்லாம் லேமினேட் பண்ணி ஃபைலில் போட்டு அனுப்பியிருந்தேன். வந்ததும், "மார்க் ஷீட்டைப் பாத்தாங்களா?" என்றேன். "பிரிக்கவே இல்லை அம்மா" என்றாள்.

அவர்கள் பார்த்தது 'போர்ட்ஃபோலியோ'. அதாவது, தான் செய்த வேலைகளில் நல்லவையாகப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. இந்தத் தொழிலில் அதுதான் ஜாதகம். பத்துப் பன்னிரண்டு வேலை இருந்தால் போதும், ஐம்பது வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். வேலை கிடைக்கும் முன்பே அதைச் செய்துகொள்ளலாம். தெருமுனை மளிகைக் கடைக்குப் புதுப் பலகை எப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று தானாகவே போட்டுப் பார்க்கலாம்.

என் மகள் தொகுப்பில் ஒரு சாம்பார்ப் பொடிப் பாக்கெட். அதில் எழுத்தே குறைவு. நடுவில் பெரிசாக ஒரு கிளி. "ஏன் கிளி?" என்று கேட்டார்களாம். தாத்தாவின் தகரப் பெட்டியையும், படிக்கத் தெரியாமல் கடைக்குப் போன என் பாட்டியையும் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அங்கேயே அரை மணி நேரம் பேச்சு நீண்டிருக்கிறது.

பிறகு, "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறே?" என்றார்களாம். "நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லவில்லை என் மகள். "பதினெட்டாயிரம்" என்றிருக்கிறாள். அவர்கள் பன்னிரண்டு என்றார்கள். பதினைந்தில் முடிந்தது. அந்தப் பதினைந்தில் ஏழாயிரத்து ஐந்நூறு ஹாஸ்டலுக்கே போயிற்று. கொழுந்தனார் மகன் அப்போது ஐ.டி.யில் இதைப் போல இரண்டு மடங்கு வாங்கினான். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. ஏறுவது கைத்திறமையாலும், பேசத் தெரிவதாலும்தான்.

தாய்மார்களுக்கு இன்னும் சில வார்த்தைகள்

ராத்திரி வேலை உண்டு. பண்டிகைக்கு முன்னால் பத்து, பதினொரு மணி ஆகும். வேலையில் சேரும்போதே, லேட்டானால் வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள் கமிட்டி இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளட்டும்.

தமிழை விடாதீர்கள். வேற்று பாஷையில் எடுத்து, தமிழைப் பேச்சுக்கு ஒட்ட வைத்த விளம்பரங்கள் நம் காதில் எப்படி உறுத்துகின்றன! நம் வீட்டில் பேசுவது மாதிரி, ஆனால் பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு இருக்கிறது. கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

"இப்போ கம்ப்யூட்டரே படம் போட்டுடுதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். போடுகிறதுதான். சாதாரண வேலைகள் சில அதனால் குறைந்தும்விட்டன. என் மகளும் அதைக் கற்றுக்கொண்டுதான் வேலை பார்க்கிறாள். "ஆயிரம் கிளி போட்டுத் தரும் அம்மா. பாட்டி எந்தக் கிளியைத் திருப்பிக் குடுப்பான்னு அதுக்குத் தெரியாது" என்கிறாள். ஆளைத் தெரிந்துகொள்ளும் அந்தப் புத்தி வீட்டிலும் தெருவிலும் கடையிலும்தான் வளர்கிறது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புங்கள். பேரம் பேசவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை செய்ததைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். அவள் செய்த வேலைக்கு நீங்கள் இலவசமாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

என் மகள் இப்போது இரண்டாவது கம்பெனியில், சென்னையிலேயே இருக்கிறாள். மடித்து வைத்த அந்த ஸ்வீட் பெட்டி அவள் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது.

போன மாசம் கொழுந்தனார் போன் பண்ணினார். புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார். "மதினி, பாப்பாட்டே சொல்லி நல்லதா ஒரு பத்திரிகை டிசைன் போட்டுத் தரச் சொல்லுங்களேன். நம்ம வீட்டு விசேஷம்."

"சொல்றேன் தம்பி. அவ ரேட்டையும் சேத்துச் சொல்லிடறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க மதினி" என்றார்.